மேசையை மூடிவைக்கும் முறை

தகடு வெட்டுவது, பொருத்துவது, அரத்தால் சீர்செய்வது, வர்ணம் பூசுவது என்று மொடல் கலையின் ஒவ்வொரு படியையும் முந்திய அத்தியாயங்களில் வரிசையாகச் சொல்லிவந்தேன். இந்த அத்தியாயம் அக்கலையைச் சில காலம் நிறுத்திவைக்கும் முறையைப் பற்றியது. வாழ்க்கைத் துணை நோயுற்றிருக்கும் வீட்டில் மேசையண்டை உட்கார நேரமும் இராது, மனமும் இராது. அத்தகைய வேளையில் பாதி முடிந்த வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு எழுந்து போவதுதான் இயல்பு என்று நானும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தேன். நிறுத்துவதற்கும் ஒரு முறை உண்டென்பதையும், அதைச் சிரத்தையோடு செய்வது நோயாளியைப் பராமரிக்கும் கடமையில் ஒரு பகுதி என்பதையும், அந்தத் தவற்றைச் செய்த பிறகே அறிந்துகொண்டேன்.

அப்போது என் மேசைமீது இருந்தது கடுகண்ணாவை ஏற்றத்தின் ஒரு துண்டு. 1867ஆம் ஆண்டில் கண்டியை வந்தடைந்த புகையிரதப் பாதை, ரம்புக்கனையை விட்டபின் 45 அடிக்கு ஓரடி என்ற கணக்கில் மலையேறி, பலனையைக் கடந்து கடுகண்ணாவையைச் சேர்கிறது. அந்த ஏற்றத்தை 76இல் ஒரு பங்கு என்னும் அளவில் 180 சென்ரிமீற்றர் நீளமுள்ள பலகையில் அமைத்தால் பலகையின் ஒரு முனை மற்றதைவிட 4 சென்ரிமீற்றர் உயர்ந்து நிற்கும். அந்த அளவுக்கென்று கடையில் கிடைக்கும் தண்டவாளம் 16.5 மில்லிமீற்றர் அகலமுடையது; நம் நாட்டுப் பாதையோ ஐந்தரை அடி அகலமானதாகையால் அதன் உண்மையான சிற்றளவு 22 மில்லிமீற்றர் ஆகிறது. ஆகவே கண்டிப் பாதையைக் கண்டிப் பாதையாகவே காண விரும்புகிறவன் சிலிப்பர் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே நறுக்கி அடுக்க வேண்டும். 2014ஆம் ஆண்டில் கடுகண்ணாவையில் திறந்துவைக்கப்பட்ட புகையிரத நூதனசாலைக்குப் பல ஞாயிற்றுக்கிழமைகளில் போய்வந்து, சக்கரத்தையும் பெட்டியையும் இணைப்புக் கொக்கியையும் குறிப்புப் புத்தகத்தில் வரைந்துகொண்டு, 1954 முதல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா நமக்களித்த, அந்நாட்டு மாகாணங்களின் பெயர்களைத் தாங்கிவந்த டீசல் எஞ்சின்களில் ஒன்றைப் பிளாஸ்டிக் தகட்டில் உருவாக்கிக்கொண்டிருந்த நாட்களில்தான், என் மனைவியின் சிறுநீரகங்கள் இரண்டும் தம் தொழிலை ஏறக்குறைய நிறுத்திவிட்டன என்று வைத்தியர் சொன்னார்.

நான் செய்ததெல்லாம் மேசைமீது ஒரு பழைய படுக்கை விரிப்பை இழுத்துப் போட்டதுதான். முன்னறையில், அவள் சாய்ந்திருக்கும் கதிரைக்கு எதிரே, இரண்டு மாதம் அந்த மேசை அப்படியே கிடந்தது. ஒருநாள் மாலை, டயலிசிஸ் முடிந்து களைத்துத் திரும்பியிருந்த வேளையில், அவள் மெல்லச் சொன்னாள்: "என்னங்க, அந்தத் துணியப் பாக்குற நேரமெல்லாம், அத நான்தான் போத்தி வச்ச மாதிரி இருக்குதுங்க."

இந்த அத்தியாயத்தில் நான் சொல்லவிருப்பது யாவும் அந்த ஒரு வாக்கியத்திலிருந்தே பிறந்தது. நோயாளியின் கண்ணெதிரே தூசி படிந்து கிடக்கும் அரைகுறை வேலை, வாய் திறவாமலே அவரை நோக்கி ஒரு குற்றச்சாட்டைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நாம் எத்தனை அன்போடு கஞ்சி வைத்துக் கொடுத்தாலும் அதன் பேச்சு நிற்பதில்லை. மேசையை மூட வேண்டிய நேரம் வந்துவிட்டதா என்ற எண்ணம் மனத்தில் இரண்டாம் முறை எழுந்தவுடன், அதைத் துணையிடம் வெளிப்படையாகச் சொல்லி, அவருடைய சம்மதத்தைப் பெற்று, இயன்றால் அவரையும் அருகில் இருத்திக்கொண்டு மூடுவதே முறை. சொல்லும்போது "உனக்காக விட்டுவிடுகிறேன்" என்று சொல்லலாகாது. அந்தச் சொல் தியாகத்தின் தோற்றத்தைக் கொண்டிருந்தாலும் நோயாளியின் தலையில் ஏற்றும் கடனாகவே முடியும். "இதைக் கெட்டுப்போகாமல் கட்டிவைக்க வேண்டும், எப்படிக் கட்டலாம் சொல்லு" என்று கேட்பது மேல். என் மனைவி ஆசிரியையாயிருந்தவள். எழுத்து முத்து முத்தாக இருக்கும். பெட்டிகளுக்குப் பெயர் எழுதும் வேலையை அவளே ஏற்றுக்கொண்டாள். டயலிசிசுக்காக நாளத்தை இணைத்துவைத்த இடக்கையால் பாரம் தூக்கக்கூடாது என்பது வைத்தியர் விதித்த கட்டளையாதலால், பெட்டிகள் என் கையிலும் பேனா அவள் வலக்கையிலுமாக ஒரு பிற்பகல் முழுதும் வேலை நடந்தது. டயலிசிஸ் நடக்கும் நாளில் நோயாளிக்கு உடம்பு மிகவும் தளர்ந்திருக்கும். ஆகையால் இதற்கு இடைப்பட்ட நாளொன்றையே தெரிந்துகொள்ளுங்கள்.

வீட்டை விட்டு முதலில் வெளியேற வேண்டியவை கரைப்பான்கள். எனாமல் வர்ணத்துக்குரிய தின்னர், லாக்கர் தின்னர், டப்பாவில் அடைத்த ஸ்பிரே வர்ணம், பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டும் திரவப் பசை ஆகியவற்றின் நெடி, சுகதேகியான நமக்குப் பழகிப்போன வாசனையாக இருக்கலாம். குமட்டலால் ஒரு வாய் சோறு இறங்காமல் தவிக்கும் நோயாளிக்கு, அதிலும் புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்பவருக்கு, அது அடுத்த அறையிலிருந்து வந்தாலும் பெரிய வேதனை. ரெசின் வார்ப்புகளை உரசும்போது எழும் நுண்தூசி நெஞ்சுநோயுள்ளவருக்கு ஆகவே ஆகாது. வீட்டில் ஒட்சிசன் சிலிண்டரோ ஒட்சிசன் தரும் மின் இயந்திரமோ வைத்திருப்பவர்கள் இந்தப் போத்தல்களைப் பூட்டிவைப்பதோடு திருப்தியடையாமல், வேறொரு வீட்டுக்கே அனுப்பிவிடுக. எளிதில் தீப்பற்றும் பொருளும் ஒட்சிசனும் ஒரே கூரையின் கீழ் இருப்பது ஆபத்து.

சூப்பர் குளூவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது ஈரம் பட்டால் இறுகும் இயல்புடையதாகையால், காற்றுப் புகாத டப்பாவில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கும்படி முந்திய ஓர் அத்தியாயத்தில் நானே சொல்லியிருக்கிறேன். நோயாளியுள்ள வீட்டில் அந்த யோசனையை அடியோடு மறந்துவிடுங்கள். சிறுநீரக நோயாளிகளின் இரத்தசோகைக்கு ஏற்றும் எரித்ரோபொயெட்டின் ஊசிமருந்து 2 முதல் 8 பாகை வரையான குளிரில் வைக்கப்பட வேண்டியது. கண்ணில் விடும் சொட்டு மருந்துகள் சிலவற்றுக்கும் அதே பெட்டிதான் இடம். சிறு மூக்குடைய பசைக் குப்பி கண்மருந்துக் குப்பியைப் போலவே தோன்றும். நள்ளிரவில், தூக்கக் கலக்கத்தில், மங்கலான வெளிச்சத்தில் கை தவறினால் விளையும் தீங்கைக் கற்பனை செய்யவே அச்சமாயிருக்கிறது. ஒரு குப்பிப் பசை சொற்ப விலைதான், எறிந்துவிடுங்கள்.

இனி, வேலையை எந்தக் கட்டத்தில் நிறுத்துவது என்ற கேள்வி. ஒருவர் 1942 ஏப்ரல் 4ஆம் நாள் ஜப்பானியக் கடற்படை இலங்கையை நெருங்குவதைக் கண்டுரைத்த கட்டலினா விமானத்தைச் செய்துகொண்டிருக்கலாம். இன்னொருவர் கப்பலோ கட்டடமோ செய்துகொண்டிருக்கலாம். எதுவாயினும், பசையிடாமல் பொருத்திப் பார்த்த நிலையே நிறுத்துவதற்கு உத்தமமான நிலை. பாதி ஒட்டிய இரு பாகங்கள் மாதக்கணக்கில் கிடந்தால் ஓரம் வளைந்துபோகும். பாதி பூசிய வர்ணத்தின் மீது பின்னர் பூசும் வர்ணம் நிறத்தில் ஒத்துவராது. ஆகவே தொடங்கிய பூச்சை முடித்துவிட்டு நிறுத்துங்கள், தொடங்காத பூச்சைத் தொடங்காதீர்கள். இதை நினைக்கும்போதெல்லாம் பேராதனையில் மகாவலியின் குறுக்கே 1833ஆம் ஆண்டில் முடிந்த முதிரை மரப் பாலம் என் நினைவுக்கு வருகிறது. 205 அடி தூரத்தை ஒரே வளைவாகத் தாண்டிய அந்தப் பாலம் இரும்பாணியின்றி மரத்தோடு மரத்தைக் கோத்தே கட்டப்பட்டது என்பார்கள். 1905இல் அதைக் கழற்றி வேறு பாலம் அமைக்கும் வரையில் ஆற்றின் மேல் நின்றது. நமது அளவில் அது 82 சென்ரிமீற்றர் வரும். பொருத்தினால் நிற்கவும் பிரித்தால் பிரியவும் கூடிய வேலைக்கு அதைவிடச் சிறந்த உதாரணம் இந்தப் பிரதேசத்தில் எனக்குத் தெரியவில்லை. என்றாவது ஒருநாள் அதைச் செய்து பார்க்க வேண்டுமென்ற ஆசை எனக்குண்டு.

கட்டிவைக்கும்போது நமக்குப் பெரிய சத்துரு கண்டியின் ஈரம். ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், குன்றுகள் சூழ்ந்த பள்ளத்தில், ஏரியும் ஆறும் அருகிருக்க அமைந்த இந்நகரில், தென்மேல் பருவமழை ஓய்ந்தவுடன் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இடியோடு கூடிய மாலைமழை தொடங்கி, வடகீழ்ப் பருவமழையோடு கலந்துவிடுகிறது. அக்காலத்தில் அலுமாரிக்குள் வைத்த தோற்செருப்பின் மீதுகூடப் பூஞ்சணம் பூக்கும். ஜனவரி முதல் மார்ச் வரையான வறண்ட நாட்களில் கட்ட முடிந்தால் பாக்கியம். நோய் நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லையாதலால், மழைக்காலத்தில் கட்ட நேர்ந்தாலும் இரண்டு மூன்று மணி நேரமாவது வெயில் எறித்த ஒரு நாளைப் பார்த்துக் கட்டுங்கள். ஈரக் காற்றை உள்ளே வைத்து முத்திரையிட்டால் பொலித்தீன் பை ஈரத்தைக் காக்கும் பாத்திரமாகிவிடும்.

டெக்கல் தாள்களே எல்லாவற்றிலும் மென்மையானவை. அவற்றைத் தட்டையாக, இரண்டு அட்டைகளுக்கிடையே வைத்து, அழுத்தி மூடும் பையில் இட்டு, கூடவே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தையும் போடுங்கள். சிலிக்கா ஜெல்லுக்குப் பதிலாக அரிசியைத் துணியில் முடிந்து போடும் பழக்கம் சிலரிடம் உண்டு. சில மாதங்களில் வண்டு பிடிக்கும். பூச்சி உருண்டையை எக்காரணங்கொண்டும் பெட்டிக்குள் போடாதீர்கள். அதன் ஆவி பிளாஸ்டிக்கை இளக்கிவிடுவதோடு, நெடியும் நோயாளிக்கு உபத்திரவம். மென்மையான வைனில் சக்கரங்கள் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக் கிடந்தால் காலப்போக்கில் அதை அரித்து உருக்கும். தனிப் பையில் பிரித்து வையுங்கள். கண்ணாடிபோன்ற பாகங்களை மெல்லிய தாளில் சுற்றுங்கள். கத்தி அலகுகளுக்கும் சாமணத்துக்கும் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி தடவுங்கள். வர்ணப் போத்தல்களின் கழுத்தைத் துடைத்து, மூடி இறுகப் பொருந்துகிறதா என்று பார்த்து மூடுங்கள். எயார்பிரஷ்ஷின் ஊசியை உருவி, முனையிலே வர்ணத்தின் துணுக்குகூட இல்லாதபடி கழுவி உலர்த்துங்கள். ஓராண்டு கழித்து அந்த முனையை ஊசியால் குத்திச் சுத்தம் செய்ய முயன்று நான் ஒன்றைப் பாழாக்கியிருக்கிறேன். மின்கலங்களைக் கழற்றுங்கள்.

பெட்டியை வைக்கும் இடமும் முக்கியம். மலைச்சரிவை வெட்டிக் கட்டிய நமது வீடுகளில் மண்மேட்டை ஒட்டிய பின்சுவர் மழைக்காலம் முழுவதும் வியர்த்துக்கொண்டே இருக்கும். தகரக் கூரையின் அடியிலோ வெயிலில் பிளாஸ்டிக் வளையுமளவுக்குச் சூடேறும். உட்சுவரை அடுத்த அலுமாரியின் மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பதே உசிதம். நோயாளி படுத்திருக்கும் அறையில் வேண்டாம்.

இவ்வளவும் முடிந்தபின் ஒரு கொப்பியை எடுத்து, செய்த வேலையை விட்டுவிட்டு, இனிச் செய்யவேண்டிய அடுத்த ஒரே காரியத்தை எழுதி வையுங்கள். "எஞ்சினின் இடப்பக்கப் படிக்கட்டு, 0.5 மில்லிமீற்றர் தகடு, நீளம் குறித்தாயிற்று, வெட்டவில்லை" என்று நான் எழுதினேன். ஞாபகத்தை நம்பாதீர்கள். மருந்தின் பெயர்களும் வேளைகளும் பரிசோதனை எண்களும் வந்து குடியேறும் மூளையில் படிக்கட்டின் அளவுக்கு இடமிராது.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டு அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. கண்டித் தேசிய வைத்தியசாலையின் சிறுநீரகப் பிரிவுக்கும் பேராதனைப் போதனா வைத்தியசாலைக்கும் தூரத்து ஊர்களிலிருந்தெல்லாம் நோயாளிகள் வருகிறார்கள். ஆனாலும் முச்சக்கரவண்டிக்கும் வெளியே செய்யச்சொல்லும் பரிசோதனைக்கும் வாட்டில் கிடைக்காத மருந்துக்கும் பணம் கரைந்துகொண்டே போகும். அந்த நெருக்கடியில் திறக்காத கிட்களையெல்லாம் ஒரே நாளில் விற்றுவிடத் தோன்றும். இரட்டையாக இருப்பவற்றையும், உண்மையாகவே செய்யப்போவதில்லை என்று தெரிந்தவற்றையும் விற்பதில் தவறில்லை. கைக்கருவிகளை மட்டும் விற்காதீர்கள். 2020 முதல் வந்த இறக்குமதிக் கட்டுப்பாடுகளையும் 2022ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிப் பஞ்சத்தையும் கண்டவர்களுக்கு, விற்ற பொருளைத் திரும்ப வாங்குவது இந்நாட்டில் எவ்வளவு அரிது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இதற்கு நேர்மாறான இன்னொரு சபலமும் உண்டு: மேசையில் உட்கார முடியாத துக்கத்தை ஆற்றிக்கொள்ளப் புதிது புதிதாகக் கிட் வாங்கிக் குவிப்பது. அதை நான் கண்டிப்பாக விலக்குகிறேன். ஒரு பெட்டியின் விலை எத்தனை நாள் மருந்துக்குச் சமம் என்று நோயாளி மனத்துக்குள் கணக்கிடுவார்.

மேசையை மூடியபின் நம் கை சும்மா இருக்கிறது என்று எண்ண வேண்டாம். அளந்து செய்யப் பழகிய கைக்கு இந்தப் பராமரிப்பில் நிறைய வேலை உண்டு. டயலிசிஸ் செய்யும் நோயாளி பருகும் தண்ணீரை வைத்தியர் சொன்ன அளவுக்குள் மில்லிலீற்றர் கணக்கில் நிறுத்த வேண்டும். காலையில் எடையைப் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். பொட்டாசியத்தைக் குறைப்பதற்காக மரக்கறியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, நீரில் ஊறவைத்து, வேகவைத்த நீரை இறுத்துக் கொட்ட வேண்டும். 22 மில்லிமீற்றருக்குத் தண்டவாளம் பதித்த பொறுமை எனக்குக் குசினியில்தான் முழுப் பயனைத் தந்தது. ஆனால் வர்ணம் அளந்த சிரிஞ்சையோ கோப்பையையோ எவ்வளவு கழுவியிருந்தாலும் குசினிக்குள் கொண்டுபோகாதீர்கள். கண்டித் தோட்டங்களில் தாராளமாகக் காய்க்கும் காமரங்காயைச் சிறுநீரக நோயாளிக்கு ஒரு துண்டுகூடக் கொடுக்கக்கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதிலுள்ள நஞ்சு பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்றப்படாமல் மூளையைத் தாக்கும். அயல்வீட்டார் அன்போடு கொண்டுவந்து தருவார்கள். நன்றி சொல்லி வாங்கி, அப்புறப்படுத்திவிடுங்கள்.

எசல பெரஹெரா நடக்கும் பத்து இரவுகளிலும் நகரத்து வீதிகள் பிற்பகலிலேயே மூடப்படத் தொடங்கும். அந்த வாரங்களில் உங்கள் டயலிசிஸ் முறை மாலையில் விழுந்தால், முன்கூட்டியே மிஸ்ஸியிடம் சொல்லிக் காலைக்கு மாற்றித்தர முடியுமா என்று கேளுங்கள். வீட்டில் திடீரென்று மூச்சுத்திணறலோ மயக்கமோ கண்டால் 1990 என்ற எண்ணை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். அந்த எண்ணை மூடிய மேசையின் மேலேயே பெரிய எழுத்தில் ஒட்டிவைத்தோம்.

ஒரு டயலிசிஸ் ஏறக்குறைய நான்கு மணி நேரம். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை. வெளியே வாங்கில் காத்திருக்கும் அந்த நேரத்தில் சிறிய மொடல் வேலை ஒன்றைக் கையில் கொண்டுபோகலாமே என்று நண்பர்கள் யோசனை சொன்னார்கள். என் அபிப்பிராயம் வேறு. முதல் சில மாதங்களுக்கு வேண்டாம். கதவு திறந்து பெயர் சொல்லி அழைக்கும்போது நம் கையில் கத்தியும் மடியில் துணுக்குகளும் இருக்கக்கூடாது. அதைவிட, அருகிலிருக்கும் மற்றக் குடும்பத்தவர்களோடு பேசிப் பெறும் அறிவு அக்காலத்தில் மிகவும் தேவைப்படுகிறது. எந்த பாமசியில் எந்த மருந்து கிடைக்கும், சோற்றுக்கு உப்பில்லாமல் எதைத் தொட்டுக்கொள்ளலாம் என்பதையெல்லாம் அந்த வாங்கில்தான் கற்றேன். பிறகு, வாழ்க்கை ஓர் ஒழுங்குக்கு வந்தபின், ஒரு பென்சிலும் கட்டம் போட்ட கொப்பியும் கொண்டுபோனேன். பலனைப் பக்கத்து வளைவுகளை நினைவிலிருந்து வரைந்தேன்; பிழைகளை வீட்டில் பழைய படங்களோடு ஒப்பிட்டுத் திருத்தினேன். அதில் தூசியில்லை, நெடியில்லை, அழைத்தவுடன் மூடிவிட்டு எழுந்து போகலாம்.

மீண்டும் எப்போது திறப்பது என்பதற்கு நான் கால அளவு சொல்ல மாட்டேன். நோய் சிலரிடம் மாதங்களில் விடைபெறும்; சிலரிடம் ஆண்டுக்கணக்கில் குடியிருக்கும். பெட்டியைத் தனியாளாய் நின்று திறக்க நேர்கிறவர்களும் இந்தப் பக்கத்தைப் படிப்பார்கள் என்பதை நான் அறிவேன். அவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: துக்கத்தின் முதல் மாதங்களில் எதையும் விற்கவோ எறியவோ தீர்மானிக்க வேண்டாம், பெயர் எழுதிய தாள்களைப் பெட்டியிலிருந்து பிய்த்துவிடவும் வேண்டாம்.

எங்கள் வீட்டில் திறக்கும் யோசனை என்னுடையதன்று. டயலிசிஸ் தொடர்ந்தபடியே இரண்டாவது ஆண்டு முடிந்து, பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில், அவள் தானாகவே மூன்றாம் எண் பெட்டியை எடுக்கச் சொன்னாள். சிலிப்பர் கட்டைகள் இருந்த பெட்டி அது. ஈரத்தில் சில வளைந்திருந்தன. பெரும்பாலானவை நேராகவே இருந்தன. நீரில் கரையும் வெள்ளை மரப்பசைக்கு நெடியில்லையாதலால் அதைக்கொண்டே தொடங்கினோம். வளைந்தவற்றை அவள் பொறுக்கி ஒதுக்க, நேரானவற்றை நான் ஒட்டினேன். வாரத்தில் ஒரு மணி நேரம், டயலிசிஸ் இல்லாத நாளில் மாத்திரம் என்பது எங்கள் ஏற்பாடு. எஞ்சின் இருக்கும் முதலாம் எண் பெட்டிக்கு வர்ணமும் தின்னரும் வேண்டுமாதலால், அவள் கையெழுத்திட்ட தாள் மேலிருக்க, அது இன்னும் அலுமாரியின் மேலேயே இருக்கிறது.